நெவில் ஸ்டாக்குக்கு உடம்பு சரியில்லை

டோல்கேட் ராக் இசைக்குழுவை விட்டு இதுவரை ஒருவரும் விலகியதில்லை. குழுவின் பெயரைக் கட்டிக்காக்கும் காப்பு மன்றத்தின் தலைவர் ரோலண்ட் ப்ளைத் இதை ஒவ்வொரு பேட்டியிலும் சொல்வார். முதல் இசைத்தட்டின் உறையில், நீண்ட முடியோடு கால்வாய்ப் பாலத்தில் சாய்ந்து நிற்கும் ஐந்து பேரில் ஒருவர்கூட இன்று மேடையில் இல்லை என்பது வேறு விஷயம். அவர்கள் விலகவில்லை. ஒருவர் போர்ச்சுகலில் இருக்கிறார், ஒருவர் ஆன்மிகத்தில் இருக்கிறார், இருவர் வால்சால் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஐந்தாமவரான நெவில் ஸ்டாக்குக்கு உடம்பு சரியில்லை.

நெவில் ஸ்டாக்கின் பேஸ் கிட்டாரை வாசிப்பவள் நான். நானும் குழுவில் சேரவில்லை.

ஒரு வியாழக்கிழமை, நான் இசை சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஊதி எச்சிலாக்கிய குழல்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. டோல்கேட்டில் பேஸ் வாசிக்கும் இயன், கிடர்மின்ஸ்டர் நகரமன்றப் படிக்கட்டில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாராம். "கெய்னர், இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் டெப் வர முடியுமா?" என்றது அந்தக் குரல்.

எங்கள் தொழிலில் ஒருவரால் வர முடியாதபோது அவர் இடத்தில் வாசிப்பவருக்கு டெப் என்று பெயர். டெப் வருவாள், அவருடைய ஸ்வரங்களை வாசிப்பாள், அவருக்கு வாங்கி வைத்த பியரைக் குடிப்பாள், வீட்டுக்குப் போவாள். வண்டியின் உபரிச் சக்கரத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. அதுபோல டெப்பின் பெயரையும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யாருமாக இல்லாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது.

இயனின் இடுப்பு கூடிவிட்டது. அவர் ஒரு சொகுசுக் கப்பலில் வாசிக்கப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வந்த டெப்பை நிரந்தரமாக்கிவிட்டார்கள். பதினோரு வருடமாகிறது. எனக்கு மட்டும் அந்த வியாழக்கிழமை இன்னும் முடியவில்லை.

மேடையில் நான் நெவில் ஸ்டாக்கின் ஊதா வெல்வெட் கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். தோளில் இரண்டு ஊக்குகள் குத்தினால் பொருந்தும். கன்னத்தில் அவருடைய கிருதாவையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். விளக்குக்கு எதிரே நிற்கும்போது நிழல் மாறக்கூடாது என்பது மன்றத்தின் விதி. பாடகர் கீத் ஹிங்லி என்னை "நெவ்!" என்றுதான் கூப்பிடுவார். கீத், டிப்டன் என்ற ஊரில் குழாய் ரிப்பேர் செய்கிறவர். எங்களைப் போல வேடம் போட்டு எங்கள் பாட்டுகளை வாசிக்கும் 'டோல் ஃப்ரீ' என்ற குழுவிலிருந்து வந்தவர்.

"அங்கேயே இருந்திருக்கலாம் நெவ்," என்பார் கீத். "அந்தப் போலிக் குழுவுல நம்ம பழைய டிரம்மரோட தம்பி இருக்கான். அசல் ரத்தம். இங்கே என்ன இருக்கு? பழைய கோட்டுதான் இருக்கு."

எல்லாவற்றுக்கும் மேலே பிசகு இருக்கிறது.

குழுவின் புகழ்பெற்ற மேடைப் பதிவில், மூன்றாம் சரணத்தின் நடுவே, நெவில் ஸ்டாக் ஒரு ஸ்வரத்தைத் தவறாக வாசித்துவிட்டார். விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்து, அரைச் சுருதி மேலே போய்விட்டது. அந்தப் பதிவு விற்றுத் தீர்ந்தது. அன்றிலிருந்து பேஸ் வாசிப்பவர்கள் எல்லோரும் அதே இடத்தில் அதே தவறைச் செய்தாக வேண்டும். அரங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பிசகு விழுந்ததும் வழுக்கைத் தலைகள் எல்லாம் பியர் கோப்பையைத் தூக்கி "ஓ!" என்று கத்தும். மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களின் அழுகையே அந்த ஸ்வரம் என்று மன்றம் வெளியிட்ட சிறு நூலில் இருக்கிறது.

எனக்கென்று ஒரு மெட்டு உண்டு. பத்தொன்பது வயதில், அக்கா க்ளெனிஸும் நானும் ஒரே அறையில் படுத்திருந்த வீட்டில், பழைய கிட்டாரில் போட்டது. சின்ன மெட்டு, எட்டு வரி. அதை யாருக்கும் வாசித்ததில்லை, க்ளெனிஸுக்கு மட்டும்தான். அவள் இன்றும் பாத்திரம் கழுவும்போது அதை முணுமுணுப்பாள். நான் அதை முணுமுணுத்தால் இப்போதெல்லாம் ஏழாவது வரியில் தொண்டை தானாக அரைச் சுருதி மேலே போகிறது. நின்று, யோசித்து, முதலிலிருந்து தொடங்குகிறேன். சரியான திருப்பம் எது என்று உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மே மாதத்தில் க்ளெனிஸ் கூப்பிட்டாள். அறுபது வயதில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டென்பியில் மீன்கடை வைத்திருக்கும் ஹ்யூ.

"ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை. உன் மெட்டை நீ வாசிக்கணும், நான் நடந்து வரணும். வேற எதுவும் வேண்டாம், பரிசா ஒரு டோஸ்டர்கூட வேண்டாம். அம்மாவையும் அந்த முதியோர் ஹோம்லேர்ந்து கூட்டிட்டு வரோம்."

"வரேன்."

"உன் 'வரேன்' எனக்குத் தெரியும்டி. என் அம்பதாவது பொறந்தநாளுக்கும் 'வரேன்'னு சொன்னே. மிடில்ஸ்பரோவுலேர்ந்து ஒரு கார்டு வந்துச்சு. அதுல 'நெவ்'னு கையெழுத்துப் போட்டிருந்தே."

எனக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை ஸ்கெக்னஸ் கடற்கரை விடுமுறை முகாமில் டோல்கேட்டின் நிகழ்ச்சி. கல்யாணத்துக்கு முன்னால் வெளியே வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மன்றம் வால்சாலில் ஒரு கம்பளக் கடையின் மாடியில் கூடும். ஐந்து அசல் உறுப்பினர்களுக்கும் மெத்தை போட்ட ஐந்து நாற்காலிகள் காலியாக இருக்கும். டெப்புகளான நாங்கள் சுவரோரம் நிற்போம். கூட்டம் தொடங்குமுன் முதல் கிட்டார்காரர் தந்தி மீட்டிய பிளாஸ்டிக் வில்லை ஒரு தட்டில் கைமாறி வரும். மன்றத்தினர் அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். டெப்புகள் தொடலாம், எடுக்கக்கூடாது. பிறகு மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம் பரிமாறுவார்கள். மன்றத்தினருக்கு ஒரு துண்டு, டெப்புக்குப் பாதி.

"என்னை விடுவிக்கணும்," என்றேன்.

ரோலண்ட் ப்ளைத் ஒரு காலத்தில் குழுவின் வரிக் கணக்கைப் பார்த்தவர். இசை கேட்டால் அவருக்குத் தலை வலிக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் நிகழ்ச்சிக்கு வருவார். அவர் எழுந்து நின்றார்.

"கெய்னர் கண்ணு, டோல்கேட்ங்கறது ஆளுங்க இல்ல. ஆளுங்க இருந்தப்பத்தான் பிரச்சினையே. குடிச்சாங்க, சண்டை போட்டாங்க, விடிகாலைல எழுப்பி 'புதுப் பாட்டு வந்திருக்கு'ன்னாங்க. இப்பப் பாரு. நாப்பது வருஷமா ஒரு புதுப் பாட்டு உண்டா? அமைதி! அந்த அமைதியை உருவாக்கத்தான் என் வாழ்க்கையையே கொடுத்திருக்கேன்."

மன்றத்தினர் கை தட்டினார்கள்.

"அதுக்காக யாரையும் கட்டிப் போடலையே," என்று தொடர்ந்தார். "விலக ஒரு வழி இருக்கு. நம்ம விதியில ஒரே ஒரு காரணம் ஏத்துக்கப்பட்டிருக்கு. இசைக் கருத்து வேறுபாடு. உனக்கு அது உண்டா?"

"எனக்கு அக்கா கல்யாணம் இருக்கு."

"அது கருத்து வேறுபாடு இல்ல. அது கருத்து ஒற்றுமை."

"சரி, கருத்து வேறுபாடுதான். இருக்கு."

"டெப்புக்குக் கருத்து கிடையாதும்மா. உறுப்பினருக்குத்தான் கருத்து."

"அப்போ என்னை உறுப்பினராக்கிடுங்க. உடனே விலகிக்கறேன்."

"உறுப்பினர் இடம் காலியா இல்லையே. நெவில் ஸ்டாக்குக்கு உடம்புதான் சரியில்ல."

"அப்போ நான் ஒரு டெப் அனுப்பறேன். ஸ்கெக்னஸுக்கு மட்டும்."

அறை முழுவதும் ஒரு வருத்தப் பெருமூச்சு எழுந்தது. "டெப்புக்கு டெப் கிடையாது," என்றார் ப்ளைத். "இயனுக்குப் பதிலா நீ வந்தியே, அதோட அந்தக் கதவைச் சாத்திட்டோம். ஒரு நிழலுக்கு இன்னொரு நிழல் விழுந்தா ரசிகர்களுக்கு நாம யாருன்னே தெரியாமப் போயிடும்."

வெளியே படியில் கீத் தன் பாதித் துண்டை எனக்கு நீட்டினார். "கருத்துன்னு ஒண்ணைக் காட்டித்தான் பாரேன். வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. வாசிச்சுக் காட்டு."

அடுத்த வாரம் ஸ்டாஃபர்டில் காட்டினேன். மூன்றாம் சரணம் வந்தது. அரங்கு மூச்சைப் பிடித்தது. நான் சரியான ஸ்வரத்தை வாசித்தேன்.

அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. கோப்பைகள் பாதி உயரத்தில் நின்றன. முன்வரிசையில் ஒருவர் மனைவியைப் பார்த்து, "என்ன ஆச்சு, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டது மேடைக்குக் கேட்டது. டிரம்மர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கை காட்டினார், தான் இல்லை என்பதுபோல. எனக்குள் ஏதோ ஒரு ஜன்னல் திறந்தது. அந்தச் சரியான ஸ்வரம் எவ்வளவு சாதாரணமானது, எவ்வளவு அழகானது! அதை மனதுக்குள் தொட்டுப் பார்த்தபடியே வீடு போய்ச் சேர்ந்தேன். துரத்திவிடுவார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ப்ளைத் பூங்கொத்தோடு வந்தார்.

"அற்புதம்! பிசகையே பிசகா வாசிச்சியே! ரசிகர்கள் ரெண்டாப் பிரிஞ்சுட்டாங்க. 'ஸ்டாஃபர்டில் நான் இருந்தேன்'னு பனியன் அச்சடிக்கக் கொடுத்தாச்சு. வருஷத்துல ஒரு தடவை, ஸ்டாஃபர்டுல மட்டும், நீ சரியா வாசிக்கணும்னு மன்றம் தீர்மானம் போட்டுடுச்சு."

"நீங்க என்னோட கருத்து வேறுபடணும் மிஸ்டர் ப்ளைத்."

"ஏம்மா? நாங்க எல்லாரும் உன்னோட முழுசா ஒத்துப்போறோம்," என்றார் அவர், உண்மையான அன்போடு.

ஒன்று சொல்ல வேண்டும். குழுவின் வண்டி என் வாசலில் வந்து நிற்கும்போது ஏறாமல் இருந்துவிட்டால் போதும். யாரும் என்னைத் தூக்கி உள்ளே போடப் போவதில்லை. ஆனால் அரங்கு நிறைந்து காத்திருக்கும்போது வராமல் போனவரை எங்கள் தொழில் மன்னிப்பதில்லை. நானும் மன்னித்ததில்லை. வண்டியின் சத்தம் தெரு முனையில் கேட்டதும் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. பூட்டிய கதவாக இருந்தால் உடைத்திருப்பேனோ என்னவோ. பூட்டாத கதவின் முன்னால் பெட்டியோடு நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் இயனுக்கு டெப் இல்லை. இயனும் ஒரு டெப்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் டெப்தான். நாங்கள் எல்லோரும் ஒரே ஆளின் இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறோம். அந்த ஆள் வந்து "எனக்குத் தேவலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வியாழக்கிழமை முடிந்துவிடும்.

நெவில் ஸ்டாக் ஸ்டூர்போர்ட்டில், ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். தோட்டத்தில் குனிந்து மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த அகலமான முதுகைப் பார்த்து, "மிஸ்டர் ஸ்டாக்? டோல்கேட்லேர்ந்து வரேன்," என்றேன். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரும ஆரம்பித்தார். மிகக் கேவலமான இருமல், நடிப்பு என்று உடனே தெரிந்தது.

"நான் உங்க டெப்," என்றேன்.

இருமல் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கன்னத்தில் பசை காய்ந்த தடத்தைப் பார்த்தார்.

"கிருதாவையுமா ஒட்ட வைக்கறானுங்க? பாவி மக்கா. உள்ளே வா தங்கம்."

டீ கொடுத்தார். ஜன்னல் திட்டில் மனிதத் தலை அளவு வெங்காயங்கள் வரிசையாக இருந்தன, கண்காட்சிப் போட்டிக்கு வளர்த்தவை.

"ஒரு வியாழக்கிழமை தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஃபோன் பண்ணேன்," என்றார். "என் டாரிஸோட முதல் தடவையா சினிமாவுக்குப் போறதா இருந்துச்சு. ஒரு ராத்திரிதானேன்னு நினைச்சேன். அடுத்த நாள் எழுந்தேன், மழை பெய்ஞ்சுது, எங்கேயும் போக வேண்டாம். அந்த மாதிரி ஒரு காலையை நான் பார்த்ததே இல்ல. இன்னும் கொஞ்சம் முடியலன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே இருக்கேன். இப்போ எங்க பேத்திக்கே கல்யாணம் ஆயிடுச்சு."

"அந்தப் பிசகு? சுரங்கங்களோட அழுகைன்னு..."

"எந்தப் பிசகு?"

சொன்னேன். அவர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அட, அது குளவி! மணிக்கட்டுல வந்து உக்காந்துச்சு." என் கையைப் பார்த்தார். "அதையா இன்னும் வாசிக்கறே? தெனமுமா?"

அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு கேட்டேன். ஒரே ஒரு ராத்திரி, ஸ்கெக்னஸில், அவர் வந்தால் போதும். வாசிக்கக்கூட வேண்டாம், தேவலை என்று சொன்னால் போதும். என் அக்கா கல்யாணம்.

நெவில் ஸ்டாக்கின் கண்ணில் நீர் வந்தது. நல்ல மனிதர். "தேவலைன்னு சொன்னா மறுநாளே வேன் வாசல்ல நிக்கும்மா. எனக்கு ஏறத் தெரியும், எறங்கத் தெரியாது. அதனாலதான் ஏறவே மாட்டேங்கறேன்." வாசல்வரை வந்து ஒரு வெங்காயத்தை என் கையில் வைத்தார். "ரோலண்ட் கேட்டா, இன்னும் கொஞ்சம் முடியலன்னு சொல்லிடு."

கீத்திடம்தான் அழுதேன், வேனின் பின் இருக்கையில், வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு. அவர் என் கைக்குட்டையில் தன் மூக்கையும் சிந்திக்கொண்டார்.

"இங்கே பாரு நெவ். டெப்புக்கு டெப் கிடையாது, சரி. தங்கச்சிக்கு டெப் கிடையாதுன்னு எவனாவது சொல்லியிருக்கானா?"

சிரித்தேன். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த நாள் கார்மார்தனில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் பிப் என்ற பெண்ணைக் கூப்பிட்டு, ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை ஒரு பகலுக்கு மட்டும் வர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே தெரிந்த குரலாக இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டதும் இதே குரல்தான்.

க்ளெனிஸ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு என்ன கலர் டிரெஸ்ல வருவா? பூவுக்குச் சொல்லணும்," என்றாள்.

மெட்டைப் பதிவு செய்து பிப்புக்கு அனுப்பினேன். நிகழ்ச்சிகளுக்கு நடுவே, வேனில், கைபேசியில். ஆச்சரியமாக, ஒரே தடவையில் தங்குதடையில்லாமல் வந்தது. ஏழாவது வரியில் நான் நிற்கவே இல்லை. அது திரும்பி வந்துவிட்டது என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! இது வந்ததுபோல மற்றதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் என்று நினைத்தேன்.

ஸ்கெக்னஸில் அன்று நல்ல வெயில். ஒப்பனை அறை என்பது நீச்சல் குளத்துக்குப் பின்னால் மிதவைகள் அடுக்கி வைத்த அறை. கோட்டைப் போட்டு, ஊக்கு குத்தி, கிருதாவை ஒட்டி முடித்தபோது க்ளெனிஸ் கூப்பிட்டாள். பின்னால் கோப்பைகளின் சத்தம், கடல், யாரோ பாடுவது.

"கெய்னர்! முடிஞ்சுது! நான் மிஸஸ் ப்ரைஸ்! ஹ்யூ அழுதுட்டான், மீன்கடைக்காரனுங்க பூரா அழுதானுங்க."

"மெட்டு?"

"அந்தப் பொண்ணு தங்கம்டி. என்னமா வாசிச்சா! அதுவும் கடைசிக்கு முன்னால ஒரு எடத்துல திடீர்னு கோணலாப் போகுமே, அங்கேதான் எல்லாரும் கைக்குட்டையை எடுத்தாங்க. இத்தனை வருஷமா அதை நான் விட்டுட்டே பாடியிருக்கேன் பாரு."

அவள் முணுமுணுத்துக் காட்டினாள். ஏழாவது வரி அரைச் சுருதி மேலே போனது. சுத்தமாக, அளவாக, வால்சால் மன்றமே மெச்சும்படி.

"க்ளென், அது அப்படி இல்ல."

"நீ அனுப்பினதுதானே? அவ எனக்குப் போட்டுக் காட்டினா. நீதான், அப்படித்தான் வாசிச்சிருக்கே."

"முன்னாடி நீ பாடுவியே, பாத்திரம் கழுவறப்ப. அதைப் பாடேன். அந்த வரி மட்டும்."

அவள் தொடங்கினாள். ஏழாவது வரிக்கு வந்து நின்றாள். மறுபடி தொடங்கினாள். "இப்போ இதுதான்டி வருது," என்று சிரித்தாள்.

கைபேசியைக் காதோடு அழுத்தியதில் ஒரு பக்கக் கிருதா உரிந்து தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். உலகத்தில் அந்தத் திருப்பம் இருந்த இடங்கள் இரண்டே, என் தொண்டையும் அவள் தொண்டையும். இரண்டிலும் இப்போது குளவி உட்கார்ந்திருந்தது.

"அம்மா அவளை விடவே இல்ல," என்றாள் க்ளெனிஸ். "கையைப் பிடிச்சுக்கிட்டு 'கெய்னர், கெய்னர்'னு ஒரே கொஞ்சல். நான் திருத்தல. சந்தோஷமா இருந்தாங்க. ஆமா, கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு ப்ரோக்ராம் இருக்குமே? அதான், பிப்பையே வரச் சொல்லிட்டோம். ஒரு நாளைக்குத்தான். நீ தப்பா நினைக்கலையே?"

"இல்ல."

வெளியே கீத் கதவைத் தட்டினார். "நெவ்! ஏறலாமா?" டிரம்கள் தொடங்கிவிட்டன. அரங்கில் கால்களைத் தட்டும் சத்தம் தரை வழியாக என் செருப்புக்கு வந்தது. கண்ணாடியைப் பார்த்துக் கிருதாவை அழுத்தி ஒட்டினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"ஏய், இருக்கியா?" என்றாள் க்ளெனிஸ். "ஹ்யூ வீட்டு ஜனங்க எல்லாம் உன்னைக் கேக்கறாங்க. நீ விடுமுறை முகாம்ல வாசிக்கறேன்னு எப்படிச் சொல்றது? தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்போ தேவலையான்னு கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?"

பேஸ் கிட்டாரின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் முடியலன்னு சொல்லிடு," என்றேன்.